பின்சுவர் வெந்நீர்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் நேற்றைய தேயிலைச் சக்கையையே மறுபடி கொதிக்கவிட்டுக் குடித்தேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை. இதைத்தான் என் பெண்டாட்டியிடம் கல்யாணமான நாளிலிருந்து சொன்னேன். கேட்டாளா? முகத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

மேனேஜர் கூப்பிட்டார். இனி பீர் ஆலையில் வீணாவதையெல்லாம் குறைப்பது என் பொறுப்பாம். "இதுக்கு உங்களை விட்டா வேற ஆள் யாரு," என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் 'சுரண்டி' என்று பெயர் வைத்திருப்பது தெரியாதா எனக்கு? சுரண்டினால்தான் அடியில் ஒட்டியிருப்பது வரும்.

பிப்ரவரி 5, புதன்

முழு நாளும் ஆலையைச் சுற்றி வந்தேன். மால்ட் சக்கை மாட்டுப் பண்ணைக்குப் போகிறது, சரி. உடைந்த பாட்டில் கண்ணாடி உருக்குகிறவனுக்குப் போகிறது, சரி. பெரிய ஓட்டை பின்சுவரில்தான் இருக்கிறது. காய்ச்சிய சாற்றை ஆற்றுவதற்காகத் தகடுகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீரை ஓடவிடுகிறோம். சாறு ஆறுகிறது, அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஆவி பறக்க வெளியே வருகிறது. சுத்தமான தண்ணீர். அதை அப்படியே பின்சுவர்க் குழாய் வழியாக வெளியே விட்டுவிட்டு, மறுநாள் காய்ச்சுவதற்குப் புதுத் தண்ணீரை எரிவாயு போட்டுச் சுட வைக்கிறார்கள். மூளை வேண்டாமா?

சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கூடம். குழாய் நேராக அவர்கள் தொட்டியில் விழுகிறது. லாட்ஜ் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு எல்லாம் எங்கள் சூட்டில் வெளுக்கிறது. கூடம் யாருடையது? என் மச்சானுடையது. தொட்டியடியில் நின்று துணி முக்குவது யார்? என் பெண்டாட்டி. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்.

பிப்ரவரி 17, திங்கள்

திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பின்பக்கம் ஒரு தொட்டி, நல்ல தடிமனாகச் சூடு காக்கும் உறை. வெளியே போகிற வெந்நீர் அதில் சேரும், மறுநாள் காய்ச்ச அதையே எடுத்துக்கொள்வோம்.

பாய்லர்காரர் தலையைச் சொறிந்தார். "சார், அந்தப் பக்கம் உங்க வீட்டம்மாதானே இருக்காங்க?"

"அதனால?"

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அவருக்கு எங்கே புரியப்போகிறது. கூடம் படுத்துவிட்டால் மச்சான் எத்தனை நாள் தங்கச்சிக்குச் சோறு போடுவான்? அவள் வேறு எங்கே போவாள்? என்னிடம்தான் வர வேண்டும். ஆலைக்கு எரிவாயு மிச்சம், எனக்குப் பெண்டாட்டி மிச்சம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சைக்கிள் சங்கிலியைத் துடைத்தேன். துணி நன்றாக எண்ணெய் குடிக்கிறது. இந்தத் துணிகளுக்காகத்தான் அவள் போனாள் என்று வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

போன வருடம் ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. குழந்தை தங்கவில்லை. அதற்கென்று அவள் தைத்து வைத்த சட்டைகள் அலமாரியில் சும்மா கிடந்தன. எவ்வளவு நாள்தான் கிடக்கும்? ஒருநாள் கத்திரியை எடுத்துத் துடைக்கிற அளவுக்கு வெட்டி அடுக்கினேன். நல்ல பருத்தி. "வீணுன்னு ஒண்ணும் கிடையாது, பாக்கக் கண்ணு வேணும்" என்று சொல்லித்தான் அவள் கையில் கொடுத்தேன். அவள் அழவில்லை. துணிகளைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஏன், நானா கொன்னேன்? அது எனக்கும்தானே பிள்ளை? வீட்டுல துடைக்கத் துணி இல்ல, இது இருந்துச்சு, வெட்டினேன். இதுல என்ன தப்பு — சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல?

மார்ச் 10, திங்கள்

வேலை முடிந்தது. பின்சுவர்க் குழாயை நானே அடைத்தேன். தொட்டியில் சூடு காட்டும் மீட்டரின் கண்ணாடியில் ஆவி படிகிறது. துடைக்க வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுபோனேன். மஞ்சள், வாத்துப் படம் போட்டது. முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழாயைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தட்டினார்கள்.

மார்ச் 12, புதன்

மச்சான் ஆலை வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே கூப்பிடவில்லை, நானே வெளியே போனேன்.

"வாரத்துல ரெண்டு நாள் விட்டாப் போதும், மாப்ளே. ஆஸ்பத்திரி விரிப்பை மட்டுமாவது காப்பாத்திக்கிறேன். பச்சைத் தண்ணியில ரத்தக்கறைதான் போகும், கிருமி போகாதுன்னு சொல்லிட்டாங்க."

"சூடும் கம்பெனிச் சொத்துதான், மச்சான்."

"இவ்வளவு நாள் நீங்க வேண்டாம்னு வெளியே விட்டதுதானே?"

"இவ்வளவு நாள் நான் பாக்கல." பிறகு மெதுவாகச் சொன்னேன். "உங்க தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பி வைங்க. யோசிச்சுப் பாக்கலாம்."

"எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளுன்னு தெரிஞ்சுதான் பொண்ணைக் குடுத்தோம். தப்பு எங்களோடது." திரும்பி நடந்தார். பேசட்டும். வயிறு காய்ந்தால் வாய் தானாக மூடும்.

ஏப்ரல் 2, புதன்

எரிவாயுச் செலவு நன்றாக இறங்கியிருக்கிறது. மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து என்னைப் பேசச் சொன்னார். "வீணுன்னு ஒண்ணும் கிடையாது, பாக்கக் கண்ணு வேணும்" என்றேன். கை தட்டினார்கள். ஒரே வார்த்தைதான். ஆலையில் கைதட்டல், வீட்டில் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

ஏப்ரல் 9, புதன்

ஆஸ்பத்திரிக்காரர்கள் விரிப்பை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பாய்லர்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 28, திங்கள்

ஏணியில் ஏறிப் பார்த்தேன். கொடியில் துணி இல்லை. மச்சான் பெரிய தொட்டியைச் சம்மட்டியால் உடைத்துத் தகரமாக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். ஒருமுறை தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். எதற்குக் குனிந்தேன்?

வீட்டுக்கு வந்து அவள் தலையணைக்கு உறை மாற்றினேன்.

மே 11, ஞாயிறு

வந்துவிட்டாள்.

காலையிலேயே வந்தாள். கையில் ஒரு பை, காலியாக இருந்தது. துணிமணி பின்னால் வரும் என்று நினைத்துக்கொண்டேன். "வா" என்றேன். நேராக அடுப்படிக்குப் போய் இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"வெட்டின துணிங்க எங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை. சைக்கிளடியில், தொட்டியடியில், ஜன்னல் ஓரத்தில் என்று அவளே பொறுக்கினாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிச் சோப்புப் போட்டுக் கசக்கினாள். கறுப்பாக எண்ணெய் இறங்கியது. மறுபடி கொதிக்க வைத்தாள், மறுபடி கசக்கினாள். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. நான் அணைக்கவில்லை. அதையாவது அவள் கவனித்திருக்கலாம்.

கொடியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். புதுத் தூள் போட்டு டீ வைத்துக் கொடுத்தேன். தொடவில்லை. வீணாகப் போகுமே என்று ஆறினதை நானே குடித்தேன். காய்ந்ததும் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து மடித்தாள். சட்டையாகவே மடித்தாள்.

"மஞ்சள் எங்க?"

"தூக்கிப் போட்டிருப்பேன்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களா? தூக்கிப் போட்டீங்களா?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கூடந்தான் போயிடுச்சே. இனிமே எங்க போவ நீ?"

செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மே 12, திங்கள்

மஞ்சள் துணி ஆலையில் மீட்டருக்குப் பக்கத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அது என்னிடம் இருக்கிறவரை அவள் வந்துதானே ஆக வேண்டும்? வரட்டும். வந்து கேட்கட்டும்.

மே 19, திங்கள்

வரவில்லை. மதியம் துணியைப் பையில் போட்டுக்கொண்டு சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். கூடம் பூட்டியிருந்தது, மேலே மச்சான் வீடும் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரம்மா வெளியே வந்தாள். குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார்களாம்.

"எந்த ஊருக்கு?"

"உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

மஞ்சள் துணியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டே ஆலைக்குத் திரும்பினேன். தொட்டி நிறைந்திருந்தது. மீட்டர் கண்ணாடியில் ஆவி படிந்து முள் தெரியவில்லை. துடைக்கத் துணி கொடுங்கள் என்று பாய்லர்காரரிடம் கேட்டேன்.

"உங்க கையிலேயே இருக்கே, சார்."

"இது வேண்டாம். வேற குடுங்க."