பள்ளிக்கூட வண்டியில் உட்கார ஒருத்தி

1934 ஜூலை 23, திங்கள்

புழுக்கம். மழை இதோ அதோ என்று ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது. அரிசி களையும்போது வாசலில் வண்டிக்காரக் கோவிந்தன் குரல்: "அம்மா, இன்னிக்கும் நீங்கதானாம்!"

இன்று என் முறையே இல்லை. கோமளத்தின் முறை. அவளுக்குத் தலைவலியாம். போன தடவை இடுப்பு. அதற்கு முன்னால் மைத்துனர் ஊரிலிருந்து வந்திருந்தார்.

பள்ளிக்கூட ஆயா, மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போனவள், திரும்பவில்லை. வேறு ஆள் கிடைக்கும்வரை தாய்மார் சங்கத்திலிருந்து தினம் ஒருத்தி பெண்களோடு வண்டியில் உட்காருவது என்று ஏற்பாடு. அன்றைக்குக் கூடம் நிறையக் கைகள் உயர்ந்தன. வளையல் சத்தமே காதை அடைத்தது. இப்போது வண்டியில் ஏறும் கால் என் கால் மட்டும்.

அம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன். என் பெண் ராஜி சிலேட்டை மறந்து, இறங்கி, மறுபடி ஏறி. எங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வண்டி மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டை போய், ஜைபுவை ஏற்றிக்கொண்டு மறுபடி மயிலாப்பூர். "மாடு என்னைத் திட்டுதும்மா" என்கிறான் கோவிந்தன்.

ஜைபுவின் வாப்பா பைண்டிங் கடை வைத்திருக்கிறார். வண்டி நின்றதும் திரையை ஒரு விரல் அகலம் நீக்கி, உள்ளே பொம்பளை இருக்கிறாளா என்று பார்த்து, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகுதான் பெண்ணைக் கூப்பிடுவார். இன்று சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். "நீங்க வந்தா நிம்மதிம்மா. அன்னிக்கு ஆளில்லாம வண்டி வந்துச்சு, புள்ளய அனுப்பல. இன்னொரு தபா அப்டி ஆச்சுன்னா நிறுத்திட வேண்டியதுதான். வயசு வர்ற புள்ள. ஊட்லயே இருக்கட்டும்."

அவர் முதுகுக்குப் பின்னால் ஜைபு ராஜியைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். இரண்டும் ஒரே வகுப்பு, முதல் பாரம். ராஜிக்கு விசிலடிக்கக் கற்றுக்கொடுத்தவள் இவள்தான். ஏறி உட்கார்ந்ததும் அம்பியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அம்பி அவள் காதணியை இழுக்க, "விட்ரா திருடா!"

நிறுத்திட வேண்டியதுதான். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை!

ஜூலை 25, புதன்

வாங்க: ஓமம், சீமையெண்ணெய், நீலம், ராஜிக்குப் பென்சில். அம்பிக்கு மூக்கு ஒழுகல்.

பள்ளி மாதச் செய்தி வந்தது. முதல் பக்கத்திலேயே: "நமது சங்கத் தலைவி ஸ்ரீமதி அலமேலு அம்மாளவர்கள், ஓயாத கிருக காரியங்களுக்கிடையேயும், பெண் குழந்தைகளின் வண்டிப் பிரயாணத்தைக் கண்ணின் மணிபோல் கண்காணித்து வரும் பெருந்தொண்டு..."

கண்ணின் மணி! அந்த வண்டிக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டால் மாமிக்குச் சொல்லத் தெரியுமா?

கீழே: கோலாட்டப் போட்டி முடிவு. தையல் வகுப்புக்கு யாரோ தானம் செய்த மிஷின். வாடகை வீடு தேவை. கடைசியில், "தொண்டில் பங்கெடுத்த இதர தாய்மார்களுக்கும் நன்றி." இதர. நான் இதர.

இவரிடம் காட்டினேன். அலமேலு மாமியின் ஆத்துக்காரரிடம்தான் இவர் ஜூனியர் வக்கீல். படித்துவிட்டு, "நன்னாத்தானே எழுதியிருக்கா" என்றார்.

"எது நன்னா?"

"தமிழ்."

தாளை மடித்தேன். "இதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே" என்றார். "வேற எங்க வெச்சுக்கறது? உறியிலயா?" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 27, வெள்ளி

அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

நேற்று மத்தியானம் தொடங்கி ராத்திரி முழுக்க அம்பிக்கு ஜுரம். மூச்சு கர் கர் என்று. விடிந்ததும் டாக்டர். நெஞ்சில் சளிக் கட்டாம். இன்று வண்டிக்குப் போக முடியாது என்று நேற்றே ராஜியிடம் கோமளத்துக்கும் அலமேலு மாமிக்கும் சொல்லியனுப்பியிருந்தேன். "ஆகட்டும், பாத்துக்கறோம்னு சொன்னா" என்றாள் ராஜி. நம்பினேன்.

ஆடி வெள்ளி. ஒருத்தி வீட்டில் விளக்கு பூஜை. ஒருத்திக்கு மாவிளக்கு. ஒருத்தி தலைக்கு எண்ணெய் தேய்த்தாச்சாம். யாரும் போகவில்லை. வண்டி ஆளில்லாமல் போயிருக்கிறது.

சாயங்காலம் ராஜி வந்து சொன்னது இதுதான். வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே நின்று கேட்டேன்.

"பாய் மாமா திரையைத் தூக்கினார்ம்மா. நான் ஒருத்திதான் இருந்தேன். பெரியவா யாரும் இல்லையான்னார். இல்லேன்னேன். ஜைபு பையெல்லாம் மாட்டிண்டு ரெடியா நின்னா. பின்னல்ல பூ வேற. அவர் வீட்டுக் கதவைக் காட்டினார்."

"அழுதாளா?"

"அழலே. உள்ள போயிட்டா. விசிலடிச்சுப் பாத்தேன், திரும்பலே."

பிறகு கோவிந்தன் வாசலில் நின்று, "பாய் கறாரா சொல்லிட்டாரும்மா. இனிமே அங்க நிக்க வாணாம்னுட்டாரு. இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் மாட்ட இஸ்துக்கினு போறேன்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?"

அம்பிக்கு ஜுரம் கொஞ்சம் இறக்கம். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். தொடுகிற கை சுடுகிறதா, நெற்றியா, தெரியவில்லை.

ஜூலை 28, சனி

சங்கக் கூட்டம், அலமேலு மாமி கூடத்தில். அம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனேன். நடுவில் இரண்டு தடவை ஓடிப்போய்ப் பார்த்து வந்தேன். வெள்ளித் தட்டில் சுண்டல். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் நாற்காலி நுனியில், குடைக் கைப்பிடியைத் திருகியபடி.

ஜைபுவைப் பற்றி நான் வாயைத் திறக்குமுன் மாமியே ஆரம்பித்தாள்.

"வண்டி சுத்து ரொம்ப நீளமா இருக்கு. மாடு பாவம். அந்தத் தெருவை விட்டுடலாம்னு தோணறது."

எந்தத் தெரு? யாரும் பேர் சொல்லவில்லை. அந்தத் தெரு. அந்தப் பொண்ணு. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஜைபுன்னிசா என்ற பேர் தெரியும். அவள் பரிசு வாங்கியபோது கை தட்டியவர்கள்தானே.

"அவ அப்பா அனுப்பாததே நம்மால்தான்" என்றேன். "ஒருத்தர் வண்டியில் உக்காந்திருந்தா..."

கோமளம்: "ஆடி மாசம்டி. வெள்ளி செவ்வாய் மடி. அங்க போய், தொட்டுண்டு உக்காந்து வந்தா மறுபடி ஸ்நானம். தளிகை யார் பண்றது?"

"திங்கட்கிழமை மடி இல்லையே. அன்னிக்கு ஏன் வரலே?"

"தலைவலின்னேனே."

யாரோ பின்னாலிருந்து, என் படிப்பைக் குத்தி: "பி.ஏ. படிச்சவாளுக்கு ஸ்நானமெல்லாம் வேண்டாம்டி. பட்டத்தாலயே துடைச்சுப்பா."

ஒரே சிரிப்பு. சுண்டல் தட்டு இன்னொரு சுற்று.

எழுந்து நின்றேன். "யாரும் வர வேண்டாம். தினமும் நானே போறேன்" என்றேன்.

அலமேலு மாமி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெல்லம் போலக் குரல். "கைக்குழந்தையை வெச்சுண்டு தினம் எப்படிம்மா முடியும்? நேத்திக்கு முடிஞ்சுதா? உங்காத்துக்காரர் நன்னா முன்னுக்கு வர வேண்டியவர். எங்காத்து மாமாவும் அடிக்கடி சொல்லிண்டிருக்கார். நீ இப்படி ஊர் வம்பை இழுத்துப் போட்டுண்டா அவருக்கும்தானே சங்கடம்?"

நேத்திக்கு முடிஞ்சுதா. அந்த ஒரு கேள்விதான் குத்திக்கொண்டு நிற்கிறது. முடியவில்லைதான்.

அந்தத் தெருவை விட்டுவிடுவதாகத் தீர்மானம். நான் கை தூக்கவில்லை. ஹெ.மி. அம்மாளும் தூக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. படித்து, உத்தியோகம் பார்த்து, ஊர் மெச்ச வாழ்கிறவள், குடையைத் திருகுகிறாள்!

ஜூலை 29, ஞாயிறு

காலையில் இவரோடு சண்டை. அதற்குள் கூட்டத்துச் செய்தி அவர் காதுக்குப் போயிருக்கிறது. "கூட்டத்துல எழுந்து நின்னு என்ன சவால் விட்டே?"

"சவாலா? வண்டில உக்காரறேன்னேன்."

"நாளைக்கு நான் எப்படி சீனியர் முகத்துல முழிக்கறது?"

"தினம் முழிக்கற மாதிரிதான்."

"உனக்கென்ன, சொல்லிட்டே. இது எல்லாம் ஒரு பொண்ணுக்காகவா?"

"ஆமா. ஒரு பொண்ணுக்காகத்தான். ராஜியும் ஒரு பொண்ணுதான்."

சொம்பை ணங் என்று வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அம்பி விழித்துக்கொண்டான். ஜுரம் இல்லை. அப்பாடா.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரையே குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ராஜியோடு ராயப்பேட்டைக்கு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. போய் என்ன சொல்வதென்று வழியெல்லாம் மனப்பாடம். என்னால் முடிந்த நாளெல்லாம் வருகிறேன், முடியாத நாள் முன்கூட்டிச் சொல்லியனுப்புகிறேன், படிப்பை நிறுத்தாதீர்கள்.

பாய் என்னைக் கண்டதும் கடைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். உள்ளே ஜைபுவின் அம்மா, கதீஜா பீ. இதுவரை கதவிடுக்கில் வளையல் கை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். முன்பல்லில் சின்ன இடைவெளி. ஜைபு அடுப்புப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ராஜியைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டும் மாடிப்படியில் குசுகுசு.

மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். முழுவதையும் கேட்டாள். பிறகு தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு:

"ஏம்மா, வண்டி மாடு எங்க கட்றாங்க?"

"தெரியாதே."

"எங்க தெரு கோடில. தெனம் காலையில என் கண்ணு முன்னாடிதான் மாட்டப் பூட்டறான். காலி வண்டி ஒங்க ஊட்டுக்கு வந்து, ஒங்கள ஏத்திக்கினு திரும்பி இங்க வருது. இன்னா கூத்து இது! நான் இங்கயே ஏறிக்க மாட்டேனா?"

வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சரிதான்.

"ஒங்க சங்கத்துல அம்மாமாருங்கதானே சேரலாம்? நானும் ஒருத்திக்கு அம்மாதான். என்னெ யாரும் கேக்கலியே."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். அடி விழுந்தது மாதிரி இருந்தது. கோமளத்தைத் திட்டினேன், மாமியைத் திட்டினேன், குடை திருகுகிறவளைத் திட்டினேன். கூட்டத்தில் எழுந்து நின்று கர்ஜித்த எனக்கு இது தோன்றவே இல்லை. தினம் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். அவளை ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நானும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றவள்தான்.

"ஒங்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா?" என்றேன்.

கடைப் பக்கத்திலிருந்து ஒரு இருமல். கதீஜா பீ குரலை உயர்த்தி உருதுவில் ஏதோ கேட்டாள். பதில் இருமல். "சரியாம். பர்தா போட்டுக்கினு, திரை போட்ட வண்டில, பொண்ணோட போறேன். இதுக்கு மேல இன்னா வேணும் அவருக்கு? பள்ளிக்கூடத்துல எறக்கி வுட்டுட்டு அதே வண்டில ஊட்டுக்கு. சாயங்காலமும் அப்டியே."

சர்பத் வந்தது. குடித்தேன். ராஜி குடித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

ஜூலை 30, திங்கள்

தூற்றல். துணி காயவில்லை.

ஹெ.மி. அம்மாளிடம் போய்ச் சொன்னேன். சங்கத் தீர்மானம் என்று இழுப்பாள், ஒரு பாட்டம் கத்தலாம் என்று தயாராகத்தான் போனேன். ஜன்னலைப் பார்த்தபடி, "தாயார் வருகிறாரென்றால் நான் ஏன் மறுக்க வேண்டும்? தீர்மானம் இன்னும் எனக்கு எழுத்தில் வரவில்லை" என்றாள். மெதுவாக, "வரும்முன் வண்டி போய்விட்டால் நல்லது" என்றும் சேர்த்தாள். சனிக்கிழமையே இதை வாய்விட்டுச் சொல்ல என்ன கேடு?

இவர் கோர்ட்டிலிருந்து சீக்கிரம் வந்தார். சீனியர் இன்று ஒரு கேஸ் கட்டுக்கூட இவரிடம் கொடுக்கவில்லையாம். முகம் கொடுத்தும் பேசவில்லையாம். சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு நீயும் போவியா?" என்றார்.

"முதல் நாள். வீடு வீடா அவளை அறிமுகப்படுத்தணும்."

"குழந்தைக்குக் காதை மூடிக் கட்டிண்டு போ." அவ்வளவுதான். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. வாடகை வீடு, இரண்டு குழந்தை, ஒரே வக்கீல்.

ஜூலை 31, செவ்வாய்

வண்டி இங்கே வருமுன்பே உள்ளே ஆள். திரையை விலக்கினால் கறுப்புப் பர்தா, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு ஜைபு. கோவிந்தன்: "மாடு இன்னிக்கு சிரிக்குதும்மா!" ராஜி தாவி ஏறினாள். அம்பியை அம்மாவும் பெண்ணும் மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

தெற்கு மாட வீதியில் டாக்டர் வீட்டு மூத்தவள் ஏறினாள். அவள் அம்மா வாசலில் நின்று பர்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நேரமாறது, போ" என்றாள். சரி. அடுத்த வீட்டில் "இன்னிக்கு உடம்பு சரியில்லை." நேற்று அந்தப் பெண் குளத்துப் படியில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கோமளம் வீட்டுத் திண்ணையில் அவள் பெண் பையோடு நின்றாள். உள்ளேயிருந்து ஒரு கை அவளை இழுத்துக்கொண்டது. வளையல்களை அடையாளம் தெரிந்தது.

எனக்கு இறங்கிப் போய்க் கதவை இடிக்கலாமா என்று வந்தது. கதீஜா பீ திரையிடுக்கில் ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசியாக அலமேலு மாமி வீடு. அவள் பெண் பத்மா இரண்டாம் பாரம். கதவு சாத்தியிருந்தது. கோவிந்தன் குரல் கொடுத்தான். மறுபடி கொடுத்தான். மாடியில் ஒரு ஜன்னல் திறந்து மூடியது.

"போலாம், கோவிந்தா" என்றேன்.

கதீஜா பீ என் முழங்கையைத் தொட்டாள். "இருங்கம்மா. இன்னா அவசரம்? புள்ள சாப்டுக்கினு இருக்கும். கொஞ்சம் நிக்கட்டும்."

தெரியாமல் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா, பர்தாவுக்குள் முகம் தெரியவில்லை. கோவிந்தன் கயிற்றைத் தளர்த்தினான். தெருவில் போனவர்கள் எல்லோரும் பார்க்க, அந்தச் சாத்திய கதவுக்கு நேரே, வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.