தொங்காத பூங்கொத்து

நாள் 301 · காலை 07:10
செவ்வாய், வடக்குப் பசுமைக்கூடம். எழுதுவது ரெக்ஸ்லின் ஜெபா, தாவரவியலாளர். வெப்பம் 19 டிகிரி. காற்றழுத்தம் சரி. இங்கே நான் மட்டும். தெற்கே பதினெட்டு கிலோமீட்டரில் முகாம், அங்கே நால்வர்: இசக்கிதுரை, வடிவு, பிரிட்டோ, யாகூப். சரக்குக் கலம் நொறுங்கி நாற்பது நாளாகிறது. உருளைக்கிழங்கு அழுகிவிட்டது. செழித்து நிற்பவை ஃபைட்டோலாக்கா செடிகள் மட்டுமே.

நாள் 304 · மாலை 16:40
விதைப்பையின் சீட்டு கிழிந்திருக்கிறது. இரண்டு இனங்களில் எது என்று தெரியவில்லை. அசினோசா என்றால் இமயமலைப் பக்கம் கீரையாகச் சமைப்பது. அமெரிக்கானா என்றால் நஞ்சு. இலையை வைத்துப் பிரிப்பது கடினம். பூங்கொத்து நிமிர்ந்து நின்றால் அசினோசா, தொங்கினால் அமெரிக்கானா. இன்று பூத்தது. எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன.

முகாம் தலைவர் இசக்கிதுரை வானொலியில்: "ஏம்மா ரெக்ஸ்லின், வடிவு எந்திரிக்கவே மாட்டேங்கா. அந்தக் கீரையத் திங்கலாமா, கூடாதா? ஒரு வார்த்த சொல்லிரு."

நான்: "தின்னலாம் அண்ணே."

நாள் 305 · காலை 10:15
பிரிட்டோ வண்டியில் வந்து பதினோரு கிலோ இலை எடுத்துப்போனான். என்னிடம் இன்னும் இரண்டு உணவுப் பொட்டலம் இருப்பதால் எனக்கென்று எடுத்துவைக்கவில்லை. முகாமில் தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர்தான். வேகவைத்த தண்ணீரையும் வீணாக்காமல் குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

நாள் 306 · காலை 05:50
இசக்கிதுரை: "நாலு பேருக்கும் வாந்திம்மா. யாகூப்புக்கு ரத்தமாப் போகுது. என்ன செய்யணும்?"

பூவைக் கிள்ளி லென்ஸில் வைத்தேன். சூற்பையில் பத்துப் பிரிவுகள், ஒன்றோடொன்று ஒட்டியவை. அசினோசாவில் எட்டு, தனித்தனியாக இருக்கும். இது அமெரிக்கானா.

இங்கே ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. கொத்து தொங்கும் அளவுக்கு அதற்குக் கனமில்லை.

லென்ஸில் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பார்க்கவில்லை. பசியில் எனக்கும் 'தின்னலாம்' என்ற பதில்தான் வேண்டியிருந்தது.

06:30
காற்று வடிகட்டியிலிருந்து கரியைக் கழற்றிவிட்டேன். வயிற்று நஞ்சை அது கொஞ்சம் இழுக்கும். இனி இந்தக் கூடத்தில் மனிதர் தங்க முடியாது. வண்டி முகாமில், ஓட்டுகிறவன் தரையில் கிடக்கிறான். நடக்கிறேன். உடையில் ஏழு மணி நேரக் காற்று.

11:20
பதின்மூன்றாவது கிலோமீட்டர். இசக்கிதுரை: "யாகூப் போயிட்டான்மா. கீரைன்னு நெனச்சு நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. நீ பாத்துத்தான சொன்ன? வேற என்னமும் நோயா இருக்கும்."

இன்னும் ஐந்து கிலோமீட்டர். நடக்கிறேன்.

16:00
13:15-க்கு வந்து சேர்ந்தேன். பிரிட்டோ போய்விட்டிருந்தான், உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கரியைத் தண்ணீரில் கரைத்து வடிவுக்குப் புகட்டினேன். கடைவாயில் வழிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் வந்துட்டாங்க," என்று இசக்கிதுரையிடம் சொன்னாள். அதன்பின் இரண்டு மணி நேரம்தான் உயிரோடு இருந்தாள்.

இசக்கிதுரை பிழைப்பார். தன் பங்கை அவர் வடிவுக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வாய்தான் தின்றிருக்கிறார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாள் 311 · நண்பகல் 12:00
என் பொட்டலங்களும் தீர்ந்தன. மீட்புக் கலம் வர எழுபது நாள். மூட்டையில் ஆறு கிலோ இலை மிச்சம்.

அமெரிக்கானாவின் இளந்தளிரை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்து, அதையும் கொட்டினால் தின்பவர்கள் உண்டு. முழுக்கப் பத்திரம் என்று சொல்ல மாட்டேன். இனி எதையும் அப்படிச் சொல்ல மாட்டேன். முன்பு கொட்டுவதற்குத் தண்ணீர் இல்லை.

இசக்கிதுரை அண்ணன் எழுந்து தொட்டியின் அளவைப் பார்த்தார். நால்வருக்கு அளந்த தண்ணீர். குடிப்பவர்கள் இருவர். ஐந்து நாளுக்குப் பிறகு முதன்முறையாகப் பேசினார்: "ரெண்டு தடவ கொட்டலாம்."

12:50
முதல் தண்ணீரைக் கொட்டினோம். செக்கச் சிவப்பு. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

13:20
இரண்டாவதும் கொட்டியாயிற்று. அவர் தட்டு எடுக்கிறார். மணம் நன்றாக இருக்கிறது. என் வாயில் எச்சில் ஊறுகிறது.