உன் பாட்டில் நான் அடித்த சொல்

என் நெஞ்சுக்கு இனிய மைத்துனன் சுந்தரத்துக்கு,

நீயும் செல்வமும் நம் கப்பல்துறையின் பெயரில் தொடங்கிய ‘மூணாம் ஜெட்டி’ ராக் இசைக்குழு மெயின்லேண்டில் பெரும்பெயர் பெற்றுவிட்டது. உன் பாட்டுகளையே புதிதாகப் பதிவுசெய்து சென்ற மாதம் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். சென்னை கொண்டாடுகிறது. அந்தமானில் நம் பத்துபஸ்தி முகம் சுளிக்கிறது.

தேநீர்க் கடையில் உன் பழைய ரசிகன் பாபு பொருமினான்: “மெயின்லேண்ட் போறப்ப நம்ம பேச்ச ஜெட்டிலயே எறக்கி வச்சுட்டான் இந்தச் செல்வம். நம்ம ‘கப்’ எங்கண்ணே போச்சு?”

“கழுவப் போயிருக்கு” என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க இயலவில்லை.

உன் பல்லவி நினைவிருக்கிறதா? ‘கப்பல் கப் வரும்.’ ‘எப்போது’ என்பதற்கு இந்தியின் ‘கப்’. தமிழ்ப் பாட்டில் இது எதற்கு என்று அன்றே கடிந்தேன். “அத்தான், மோனை விழுந்திருக்கு பாருங்க. இலக்கணம் படிச்சவரு நீங்கதானே?” என்றாய். மறுக்க முடியவில்லை; இணங்கவும் மனம் வரவில்லை.

நீ மறைந்தபின் செல்வம் பாட்டுத் தாள்களோடு வந்தான். “ஒரு தடவ பாத்துக் குடுங்கய்யா. அங்க பெரிய ஆளுங்கல்லாம் கேப்பாங்க.” சிவப்பு மையால் ‘கப்’பை அடித்து ‘எப்போது’ என்று எழுதினேன். அந்த ஒன்றோடு நின்றேனா? நம் தீவுச் சொற்கள் அத்தனையையும் களைந்தேன். ஆல்பத்தைக் கேட்டபோது, ஊருக்குப் புதியவர் ஒருவர் கப்பல் அலுவலகத்தில் நேரம் விசாரிப்பதுபோல் இருந்தது.

பதிகம் பாடிய அடியார்கள் ஊர் ஊராக நடந்து, அந்தந்த ஊரின் ஆற்றையும் புன்னையையும் சொல்லித்தானே இறைவனை அழைத்தார்கள்? இத்தனை காலம் ஓதியவனுக்கு இது ஏன் உறைக்கவில்லை?

ஏச்சு முழுவதையும் செல்வம் வாங்கிக்கொண்டான். ஞாயிறன்று இங்கே நடக்கவிருந்த கச்சேரிக்காக ஊர் வந்தவன் அதைக் கைவிடப்போகிறான் என்று கேட்டதும் அவன் வீட்டுக்குப் போனேன்.

“என் பெயரைச் சொல்லியிருக்கலாமே?”

“உங்கள யாராச்சும் பேசினா சுந்தரம் விடுவானாய்யா? நான் எப்படிச் சொல்லுவேன்?”

இன்று காலை முருகன் கோயிலில் பூசை முடிந்ததும், கூடியிருந்த அனைவரிடமும் உண்மையைச் சொன்னேன். பாபு திகைத்து நின்றான். “நீங்களாய்யா? உங்கள எப்படித் திட்றது?”

“செல்வத்தைத் திட்டியபடியே திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.”

அவன் திட்டவில்லை. நேரே செல்வத்தின் வீட்டுக்குப் போய், மேடை போடத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கச்சேரி உறுதியாகிவிட்டது, சுந்தரம்.

முதல் வரிசையில் அமர்வேன். பாடத் தொடங்குமுன் செல்வம் என் முகத்தைத்தான் பார்ப்பான். அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. நீ எழுதியபடியே அவனைப் பாடச்சொல்லி, ஊர் பார்க்கத் தலையசைப்பேன். இது நான் வணங்கும் முருகன்மேல் ஆணை.

உன் அக்காளைக் கைப்பிடித்தவன்,
உன்னிடம் தோற்றதில் மகிழும் அத்தான்