அவள் வழுக்கி விழவில்லை

ஆவடி
14.8.1991

அன்புள்ள மகனுக்கு,

உன் மனைவி வசந்தகுமாரி இன்று காலைதான் கண் விழித்தாள். தலையில் பதினோரு தையல்.

மணலை ஏழு தடவை அலசிப் போட்டு, கொரட்டூர் ஏரியிலிருந்து பாசிச்செடி கொண்டுவந்து நட்டு, இரண்டு நாள் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றி அந்தக் கண்ணாடி மீன்தொட்டியை அமைத்தாள். எல்லாம் ஒரே ஒரு ஃபைட்டர் மீனுக்காக. ஞாயிற்றுக்கிழமை நீ வேடிக்கை பார்க்க இன்னொரு ஆண் மீனை அதில் விட்டாய். இரண்டும் துடுப்பு கிழியக் கடித்துக்கொண்டன. பிரித்துவிட அவள் தொட்டிக்குள் கையை விட்டாள்.

"நான் பாத்துகினு கீறேன், நீ இன்னாடி கலைக்கிற?" என்று முடியைப் பிடித்து அவள் தலையைத் தொட்டியில் இடித்தாய். கண்ணாடி உடைந்த பிறகும் இடித்தாய். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"வழுக்கி வுழுந்துட்டான்னு சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினாய்.

உன் அப்பா என் கையை ஒடித்தபோது நான் ஊராரிடம் அப்படித்தான் சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டாய்.

இந்த முறை பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ வெள்ளானூரில் மாமா வீட்டில் இருப்பதையும் சொன்னேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் போலீஸ்காரர். சண்டை போடாமல் அவரோடு போ.

உன்னைப் பெற்றவள்