யூனிட்டில் இரண்டாவது பேர்

சேசு மரி சூசை

இராயபுரம்
16 ஜூலை 1974

அன்பு மகள் ஐரீனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. அர்ச். இராயப்பர் புண்ணியத்தில் முட்டிவலி தவிர எனக்குக் குறையில்லை, பிலாயில் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அப்படியே இருக்கிறீர்கள் என்று தபால் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு நின்றதா, ஓமத்தண்ணி கொடு.

அப்பா வாங்கின யூனிட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடும்மா என்று எழுதியிருக்கிறாய், முடிந்தால் பாஸ்கா பண்டிகைக்கே வந்திருப்பேனே. ஆர்பர் வேலையில் ரிட்டயர் ஆன பணம் முழுசையும் அப்பா யூனிட் ஏஜெண்டு ரகுபதி பேச்சைக் கேட்டு யூனிட்டில் போட்டது உனக்குத் தெரியும். யூனிட் என்றால் என்ன என்று அவர் போனபிறகு ரகுபதியை உட்கார வைத்துக் கேட்டேன். எண்ணூரில் என் அப்பன் காலத்தில் கரைவலைக்கு ஆளுக்கொரு துண்டு வலை பின்னிக்கொண்டு வந்து சேர்ப்பார்கள், அந்தத் துண்டுதான் யூனிட், வலையில் விழுந்த மீனில் துண்டுக்கு இவ்வளவு என்று வருகிற பங்குதான் டிவிடெண்டு. விலகுகிறவன் தன் துண்டுக்கு அன்றைய விலையை வாங்கிக்கொண்டு போகலாம், போட்டபோது என்ன விலை என்று சண்டை போட முடியாது. இவ்வளவுதான், இதற்குப் போய் இங்கிலீஷில் பேர் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் புரிந்த மனுசன் ஒரு இடத்தில் கோட்டை விட்டார். உங்களுக்குப் பிறகு யாருக்கு என்று பாரத்தில் ஒரு கட்டம், அதற்கு நாமினி என்று பேர். அக்கா பேரை எழுதுங்க என்று ரகுபதி சொன்னதற்கு உன் அப்பா, இன்னாயா ரகுபதி, கல்லறைத் திருநாளுக்குப் பேர் எழுதிக் குடுக்கிற மாரி கீதே, உசுரோட கீறவ பேரை சாவுக் காயிதத்துல எழுதுவாங்களா என்று சத்தம் போட்டு அதை வெறுமையாக விட்டுவிட்டார். எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்ற பிரியம்தான். ஆனால் ஆபீசுக்கு அலைய ஆள் வேண்டுமென்று தன் பேருக்குப் பக்கத்தில் இரண்டாவது பேராகத் தன் தம்பி, உன் சித்தப்பா அருள்பிரகாசத்தை எழுதினார். முதல் பேர் போனால் எல்லாம் இரண்டாவது பேர் கையில் என்கிறான் ரகுபதி. விற்பதும் அவர் கையெழுத்துதான், டிவிடெண்டும் அவர் பேருக்குத்தான். என் பேர் எங்கேயுமில்லை.

உன் சித்தப்பா திருடரில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். டிவிடெண்டு வந்தால் உன் சித்தி ஹில்டா கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். திருடியிருந்தால் தெருவில் இழுத்துப்போட்டுக் கேட்டிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். அண்ணி அவங்க வாயால ஒரு வார்த்த கேக்கட்டும், அப்பவே வித்துக் குடுத்துடறேன் என்கிறாராம். உன் கல்யாணப் பந்தலில் சம்பந்தி வீட்டார் காதுபட, எண்ணூர்ல எறா பொறுக்கின வூட்டுக்கு இதுக்கு மேல இன்னா மருவாதி ஓணும் என்று சொன்ன வாய் அது. மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து ஒரே வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், பேச்சில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து பங்குச்சாமி எங்கள் இரண்டு பேரையும் மாதா கெபி பக்கத்தில் நிறுத்தினார். சித்தப்பா காகிதத்தோடு வந்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கேளு அண்ணி என்றார். சத்தியமாகக் கேட்கத்தான் போனேன் ஐரீன். வாயைத் திறந்தால், எறா பொறுக்கின வூட்டு மருவாதிய மொதல்ல குடு, அப்பால பேனாவைத் தொற என்று வந்துவிட்டது. அவர் முழித்தார். நான் இன்னா சொன்னேன்னே எனுக்கு ஞாபகம் இல்லியே அண்ணி என்றார். ஞாபகம் வைத்திருந்தாலாவது மன்னித்திருப்பேன், மறந்துபோனவனை எப்படி மன்னிப்பது? பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். சாமியும் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மருமகனும் ஏதோ பத்திரம் வாங்குவதாக எழுதியிருந்தாய். உன் பேர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உன் கண்ணால் பார். பேர் எழுதினால் யாரும் செத்துவிட மாட்டார்கள், எழுதாவிட்டால்தான் உயிரோடு சாகவேண்டும்.

இப்போது என் நிலைமை, சித்தப்பாவும் போய்விட்டால் எல்லாம் அவர் பிள்ளைகளுக்குப் போகுமாம், அவர்களுக்கு என் முகம்கூடப் பிடிக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் எனக்குக் கை ஓடவில்லை. கற்பூரவல்லிக் கசாயம் வைத்து நான் கொடுத்தேன் என்று சொல்லாதே என்று சொல்லி ஹில்டாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். தினம் காலையில் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த மனுசனுக்கு நூறு வயசு கொடு ஆண்டவரே என்று இந்த முட்டியை வைத்துக்கொண்டு மண்டிபோடுகிறேன்.

உங்கள் நால்வருக்கும் என் ஆசீர்வாதம். நீயும் மறக்காமல் சித்தப்பாவின் ஆயுசுக்குச் செபம் பண்ணு, மனசு வராவிட்டாலும் பண்ணு.

உன்னைப் பெற்றவள்
இ. சிலுவையம்மாள்