ஆலங்கரைத் தலைவன் தன் கணினிக்கு எஸ்.எஸ்.டி. பூட்டுமுன் படிக்க வேண்டிய ஓலை

செவ்வாறு கரைபுரண்டு ஓடுக! நறுங்குன்ற நாடாளும் அரசி பைந்தொடி, ஆலங்கரைக் கோட்டைத் தலைவனும் நம் உடன்பிறந்த இளவலுமாகிய ஆய்மாறனுக்கு விடுக்கும் ஓலை. நின் கோட்டையும் குடிகளும், நீ நாள்தோறும் தட்டித் தட்டி எழுப்பும் நின் பழைய கணினியும் நலமுற வாழ்க.

அக்கணினிக்கென்று, முன்பின் கேட்டறியாப் பெயருடைய, மாபெரும் கொள்ளளவு கொண்ட, ஹார்டு டிஸ்க்கினும் விரைந்து கோப்புகளைத் தரும் எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சந்தையில் கண்டெடுத்தாய் என்று நின் தூதர் மகிழ்ந்துரைத்தார். பொறு, தம்பி. சென்ற மாதம் நமக்கு நேர்ந்ததை முதலில் கேள்.

ஆற்றுநீர்ப் பங்கீட்டு அவையில் கால்வாய் வரைபடத்தைக் காட்ட வேண்டிய காலையில், நம் இல்லக் கணினியின் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சுழன்றதேயன்றி வரைபடம் திறக்கவில்லை. அண்டை நாட்டுத் தூதர் வெண்காரியார், அது வருவதற்குள் தாம் ஊருக்குப் போய் உண்டு திரும்பலாமா என்று மிகப் பணிவாக வினவினார். அவை நகைத்தது, நாமும் நகைத்தோம், உள்ளே எரிந்தது. விசாரணை பத்து நாள் தள்ளிப்போயிற்று. அப்பத்து நாளும் நம் கீழ்மடை வயல்களுக்கு நீரில்லை.

அன்றே கருவிச்சாலைத் தலைவி கொற்றியை அழைத்தோம். நின்னைப் போலவே நாமும் பெயரறியா ஒன்றை வாங்கி வைத்திருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். கொற்றி அதில் கோப்புகளை நிரப்பிச் சோதித்தார். மேலே பொறித்திருந்த கொள்ளளவு பொய்; அதில் எட்டிலொரு பங்கு நிறைந்ததுமே, பழையவற்றை அழித்துவிட்டே புதியவற்றை ஏற்றது. கணினியைத் திறந்து பாராமல் இதை யார் வாங்கச் சொன்னது என்று நம்மையே கடிந்தார். சிறு பலகை போன்ற புதுவகையைச் செருக நம் மதர்போர்டில் இடமில்லை; பழைய டிஸ்க் இருந்த இடத்தில் அமரும் தட்டை வகையே பொருந்தும் என்று கண்டு, ஐந்தாண்டு உத்தரவாதமுள்ள ஒன்றைப் பூட்டி, அனைத்தையும் அதற்குப் படியெடுத்தார்.

மறு விசாரணையில் வெண்காரியார் மேலாடையைச் சரிசெய்து அமர்வதற்குள் வரைபடம் சுவரில் விரிந்தது. வாரத்தில் நான்கு நாள் நீர் நமக்கென்று தீர்ப்பாயிற்று. வெளியேறுகையில் அவர் நம்மருகே வந்து, அந்தக் கொற்றியாரைத் தம் இல்லத்துக்கும் ஒருமுறை அனுப்ப இயலுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். முடியாதென்று சொல்ல மனம் வரவில்லை.

வரும் வெள்ளியன்று நின் ஆலங்கரையின் பங்கு அவைக்கு வருகிறது. ஆதலின் கொற்றி இவ்வோலையுடனேயே புறப்படுகிறார். சந்தையில் வாங்கியதைத் திருப்பிக் கொடு. புதியதில் ஐந்திலொரு பங்கை எப்போதும் காலியாக விடு. ஹார்டு டிஸ்க்குக்குச் செய்தாற்போல் கோப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மீண்டும் மீண்டும் எழுதவைத்து அதன் ஆயுளைத் தேய்க்காதே. விரைவான எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். எனவே கால்வாய்க் கோப்புகளின் படியொன்று வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும்.

கொற்றி கணினியைக் கழற்றும்போது அருகே நின்று யோசனை சொல்லாதே. தம்பிக்கு இது வேண்டுகோள்; கோட்டைத் தலைவனுக்கு ஆணை.

நம் கைப்பட எழுதி, குன்றும் ஆறும் பொறித்த முத்திரை இட்டோம்.