சாமிக் கல்லும் சுங்க அதிகாரியும்

அன்புள்ள அப்பாவுக்கு முத்தரசு வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

பினாங்கு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர், நீங்கள் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த முனியப்பன் கோவில் கல்லை அவிழ்க்கக் கை நீட்டினார். தமிழர்தான். "இது சாமி, சார். நானே அவிழ்க்கலாமா?" என்று கேட்டேன். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"நீயே அவுத்துக் காட்டுலா தம்பி. உன் சாமான், கேக்குற உரிமை உனக்கு இருக்கு." (இங்கே தமிழர்கள் பேச்சோடு இப்படி ஒரு 'லா' சேர்ப்பார்கள்.)

சீருடை போட்டவர் என் ஒரு வார்த்தைக்கு நின்றதை இன்னும் நம்ப முடியவில்லை அப்பா!

வேலை முடிந்து அறைக்கு வந்தால் அந்தக் கல்லோடுதான் பேச்சு. துணி கிழிந்துவிட்டது; அம்மாவின் பழைய புடவையில் ஒரு துண்டு அனுப்புங்கள்.

கடை வேலைக்கு நேரமாகிறது. பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸ் போனால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இன்னும் ஏன் தரவில்லை என்று கேளுங்கள்.